பதினான்குக்குச் செல்க

விருதம்பட்டுப் பாலத்தின் மூன்றாம் தூணுக்குக் கீழே,
நவம்பரில் ஓடிய தண்ணீரைத்
தை முடியுமுன் மறந்துவிட்ட மணலில்,
முழங்கால் உயரம் நின்றது அது.
அடியில் தட்டாகப் பரந்த இலைகள்,
நடுவில் கம்பி மாதிரி ஒரு தண்டு,
தண்டில் இடம்விட்டு இடம்விட்டுப் பூக்கள்.
எட்டரைக்கெல்லாம் அவை
கடையடைப்பு நாளின் பஜார் போலச் சுருங்கியிருந்தன.

செடியை இனங்காணும் கையேடு
கேள்வியாகத்தான் பேசும்.
அல்லிகள் தனித்தனியா, சேர்ந்தவையா?
சேர்ந்தவை எனில் ஒன்பதுக்குச் செல்க.
புல்லிவட்டத்தில் ஒட்டும் மயிர் உண்டா?
உண்டு. என் கட்டைவிரலில்
ஒரு கொசுவும் ஐந்தாறு மணலும் சாட்சி.
பதினொன்று கேட்டது:
சூலறைக்குள் சூல் ஒன்றா, பலவா?
பிளேடு கொண்டுவரவில்லை.
வெயில் ஏறியது. மணல் லாரிக்காரன்
எதற்கோ ஹாரன் அடித்தான்.
ஒன்று, என்று நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளைக் குழல், ஐந்து மடல், பிசுபிசுப்பு:
சித்திரமூலம்,
என்று பென்சிலால் எழுதினேன்.
அழுத்தி எழுதினேன்,
சந்தேகம் இருக்கும்போது எழுதுவது போல.

குடியாத்தம் பஸ்ஸில் ஜன்னலோரம் அவள்.
என் வயதுதான் இருக்கும்.
மடியில் முறம், முறத்தின் மேல் துணி,
துணிக்கடியில் கட்டுக்கட்டாய் பீடி.
காட்பாடி தாண்டுவதற்குள்
மூன்று முறை முகம் சுளித்தாள்.
"இன்னாத்துக்குமா பொயலய
பேப்பர்ல சுத்திக்கினு போற?"

இது புகையிலை இல்லை,
மருந்துச் செடி, சித்திரமூலம் என்றேன்.
அவள் தன் விரலை முகர்ந்தாள்.
என் பொட்டலத்தை முகர்ந்தாள்.
மறுபடி விரலை.
"பகல்பூரா இதே நாத்தம். பஸ்லயுமா?"
என்று ஜன்னலை முழுக்கத் தள்ளிவிட்டாள்.
அப்புறம் போனில் யாரிடமோ
"குல்சார்தான் பேசறேன், ஆயிரத்துக்கு நாப்பது கொறையுது"
என்று கத்திக்கொண்டே லத்தேரியில் இறங்கிப்போனாள்.
நான் என்ன ஆனேன் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.
எதற்குப் பார்க்க வேண்டும்.

இரவு ஒன்பது மணிக்கு, சமையல் மேடையில்,
பாதி பிளேடால் பிளந்தேன்.
இரண்டு அறைகள்.
இரண்டிலும் ரவையைவிடப் பொடியாக,
எண்ணத் தொடங்கிக் கைவிட்டேன்.
பல எனில் பதினான்குக்குச் செல்க.
சென்றேன்.
கத்திரிக் குடும்பம். காட்டுப் புகையிலை.
கடல் தாண்டி வந்தது.
ஓராண்டுச் செடி.
இலை சித்திரமூலத்தை ஒத்திருப்பதால்
பெயரிலேயே அந்த ஒப்பு உண்டு
என்று அடிக்குறிப்பு.
எனக்கு முன்பே ஒருவன் தடுமாறி
அதையே பெயராக்கிவிட்டிருக்கிறான்.

அதே மேடையில், பிளேடுக்குப் பக்கத்தில்,
இலவம்பாடி முள்கத்திரி கால் கிலோ.
மற்ற உறவுக்காரர்களும் இருந்தார்கள்:
மிளகாய், தக்காளி.
அவர்களும் கப்பலேறி வந்தவர்கள்தான்.
தக்காளிக்கு இப்போது
'நாட்டு' என்று பட்டம்கூட உண்டு,
கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடுதல்.
சோற்றுக்கு உதவியதை யாரும்
எங்கிருந்து வந்தாய் என்று கேட்பதில்லை.
மணலில் சும்மா நின்றதற்கு
'அயல் வரவு' என்ற கட்டத்தில் நான்தான்
டிக் அடித்தேன்.

படிவத்தில் சேகரித்தவர் பெயர் கேட்டார்கள்.
இனங்கண்டவர் என்றும் ஒரு கோடு.
சித்திரமூலத்தை ரப்பரால் அழித்தேன்;
அழுத்தி எழுதியதால்
பள்ளம் அப்படியே இருந்தது.
அதன் மேலேயே சரியான பெயர்.
கோட்டில், குல்சார், என்று எழுதி
ஊர் தெரியாமல்
லத்தேரி பஸ் நிறுத்தம் என்று போட்டேன்.
துறைத்தலைவர் வட்டமிட்டு
யார் இவர்? என்று கேட்டிருக்கிறார்.

அழுத்துப் பலகையைப் பத்தாம் நாள் திறந்தால்
காகிதத்தின் மணமகள் தேவைப் பத்திகள் மேல்
வெடித்த காய்கள் கொட்டிய பழுப்புத் தூள்.
அடக்க முடியாமல் தும்மினேன்.
ஜன்னல் திறந்திருந்தது.
கீழே கல்லூரித் தோட்டத்தில்
அப்போதுதான்
குழாயைத் திறந்துவிட்டிருந்தார்கள்.